விலைக்கும் ருசி உண்டா?

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், சிவனும் திருமாலும் ஓருருவாய் நிற்கும் சங்கரநாராயணர் கோயிலாலும் ஆடித்தபசுத் திருவிழாவாலும் பெயர் பெற்ற ஊர். எனினும் குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் அவ்வூரில் வந்து நிற்கும் வெளியூர் வண்டிகளில் பல, கோயிலுக்காக நிற்பவை அல்ல, சீரகச் சம்பா அரிசியில் சமைத்த ஆட்டுக்கறி பிரியாணிக்காக நிற்பவை. அந்தப் பிரியாணிக்குச் சில நூறு ரூபாய் போதும். அதே தமிழ்நாட்டில், சென்னை கிண்டியிலுள்ள ஐடிசி கிராண்ட் சோழா விடுதியில் 2017 முதல் இயங்கிவரும் ‘ஆவர்த்தனா’ என்னும் உணவகம், தென்னிந்தியச் சமையலைப் பல சிறு தட்டுகளாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறுகிறது. ஆசியாவின் சிறந்த ஐம்பது உணவகங்களின் 2023-ஆம் ஆண்டுப் பட்டியலில் 30-ஆம் இடம் பெற்ற அந்த உணவகத்தில் ஒருவர் உண்டு எழுந்தால் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. இரண்டு விலைகளுக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் இருக்கும் அந்த வேறுபாடு நாக்குக்குத் தெரியுமா, தெரியாதெனில் வேறெங்கே தெரிகிறது என்பது வேதியியலும் நரம்பியலும் உளவியலும் சேர்ந்து விடை தேடவேண்டிய கேள்வியாகும்.

முதலில் நாக்கைப் பற்றி. தமிழ் மரபு சுவையை ஆறாக எண்ணியது. இன்றைய உடலியல் நாக்கிலுள்ள சுவை அரும்புகள் உணர்பவை இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இறைச்சிச் சாறும் முற்றிய தக்காளியும் தரும் ‘உமாமி’ ஆகிய ஐந்தே என்கிறது. கார்ப்பு, அறிவியல் கணக்கில், சுவையன்று. மிளகாயிலுள்ள கேப்சைசின், சூட்டை உணர்வதற்கென உள்ள நரம்பு ஏற்பியைத் தூண்டி மூளைக்கு ‘வெந்துவிட்டது’ என்று சொல்ல வைக்கிறது. டேவிட் ஜூலியஸ் 1997-இல் கண்டறிந்த இந்த ஏற்பிக்காகவே 2021-இன் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. துவர்ப்பும் பெரும்பாலும் தொடுவுணர்ச்சியே. எச்சிலிலுள்ள புரதங்களோடு துவர்ப்பிகள் பிணைவதால் வாய் வறண்டதுபோல் தோன்றுகிறது. ஆனால் சாப்பிடுபவர் ‘ருசி’ என்று பேச்சுவழக்கில் சொல்வது இவையனைத்தையும்விடப் பெரியது, ஏனெனில் மெல்லும்போது உணவிலிருந்து எழும் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்குக்குள் ஏறுகிறது. மூக்கில் ஏறத்தாழ 400 வகை மண ஏற்பிகள் உள்ளன. சளி பிடித்தவருக்குச் சோறு சப்பென்று இருப்பது நாக்கு கெட்டதால் அன்று, இந்தப் பின்வழி அடைபட்டதால்தான்.

இந்த அறிவோடு பிரியாணி அண்டாவை நெருங்கிப் பார்த்தால் அதற்குள் நடப்பது எளிய காரியமன்று என்பது விளங்கும். பட்டையின் மணத்துக்குக் காரணமான சின்னமால்டிஹைடும், கிராம்பின் யூஜினாலும் நீரைவிட எண்ணெயில் எளிதாகக் கரைபவை. ஆகவே மசாலாவை முதலில் கொழுப்பில் தாளிக்கும் வழக்கம், அந்த மணப்பொருள்களைக் கொழுப்புக்குள் பிடித்து வைத்து, பிறகு ஒவ்வொரு பருக்கையின் மேலும் பூசும் முறையாக அமைகிறது. வெங்காயம் பொன்னிறமாகச் சிவக்கும்போது, 1912-இல் லூயி கமீல் மெய்யார் விவரித்த வினை, அதாவது அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் கூடிப் பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான புது மணங்களையும் உண்டாக்கும் வினை, நடைபெறுகிறது. கறியிலுள்ள கொலாஜன் என்னும் தசைநார்ப் புரதம், நீண்ட நேரம் ஈரச்சூட்டில் இருந்தால்தான் இளகி ஜெலட்டினாக மாறும். குறுகிய நேரத்தில் கடுந்தீயில் வெந்த கறி மெல்ல முடியாமல் ரப்பர்போல் விறைத்திருப்பது அந்த மாற்றம் நிகழ நேரம் கிடைக்காததால்தான். சீரகம்போல் சிறுத்திருப்பதால் அப்பெயர் பெற்ற சம்பா அரிசிக்கோ தனக்கென ஒரு மணம் உண்டு. மணமுள்ள அரிசி வகைகளுக்கு அந்த மணத்தைத் தருவதில் முதன்மையானது ‘2-அசிட்டைல்-1-பிரோலின்’ என்னும் சேர்மம். நூறு கோடிப் பங்கு நீரில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். அது எளிதில் ஆவியாகிப் பறந்துவிடக் கூடியது. மூடியின்மேல் நெருப்புக் கங்கைப் போட்டு ‘தம்’ கட்டுவதன் வேதியியல் பயன் இதுவே: திறந்த அடுப்பில் தெருவுக்குப் போயிருக்கும் மணம், மூடியில் மோதி, நீராவியோடு குளிர்ந்து, அரிசியின் மேலேயே திரும்ப விழுகிறது. தம் உடைக்கும் நேரத்தில் கடையின் முன்னால் நிற்பவர்களின் தலைகள் ஒருசேர அண்டாப் பக்கம் திரும்புவதற்கு வேறு விளம்பரம் தேவைப்படுவதில்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் குறித்தாக வேண்டும். ஆட்டுக் கொழுப்பு, உடல்வெப்பத்தைவிட உயர்ந்த வெப்பநிலையில்தான் உருகுகிறது. எனவே ஆறிப்போன ஆட்டுக்கறி பிரியாணியை வாயில் வைத்தால் கொழுப்பு மேலண்ணத்தில் மெழுகுபோல் படிந்து, மசாலாவின் மணத்தையும் தன்னுள் பூட்டிக்கொள்கிறது. இதைத் தவிர்க்க இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, ஒவ்வொரு தட்டையும் கேட்டபின் தனித்தனியாகச் சூடாக்கித் தருவது. இன்னொன்று, அண்டா ஆறுவதற்குள் அதை விற்றுத் தீர்ப்பது. முதல் வழிக்கு ஆளும் அடுப்பும் பணமும் வேண்டும். இரண்டாவதற்குக் கூட்டம் மட்டும் போதும். கூட்டம் மொய்க்கும் சிறிய கடை, விலையுயர்ந்த சமையலறை பெருஞ்செலவில் அடையும் தரத்தைத் தன் விற்பனை வேகத்தாலேயே அடைந்துவிடுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அதே கடைக்குப் போய், அடியில் கிடந்த கடைசிப் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு ஊரின் புகழையே ஐயுறுபவர், சமையலைக் குறைகூறுகிறாரேயன்றிக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

ஆகவே நாக்கும் மூக்கும் சேர்ந்த கணக்கில், விலை ஒரு கட்டத்துக்கு மேல் அதிகம் சேர்ப்பதில்லை. இதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே ஓர் அடிப்படை கிடைத்தது. கையிலுள்ள எடையில் எவ்வளவு கூட்டினால் வேறுபாடு தெரியும் என்று ஆராய்ந்த ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் வேபர், அந்தக் குறைந்தபட்சக் கூடுதல் ஏற்கெனவே உள்ள எடைக்கு ஏற்ற விகிதத்தில் அமைவதைக் கண்டார். குஸ்டாவ் ஃபெக்னர் 1860-இல் அதைப் பொதுவிதியாக்கினார். சாதாரண அரிசியிலிருந்து நல்ல சீரகச் சம்பாவுக்கு மாறும்போது தெரியும் பாய்ச்சல், நல்ல சம்பாவிலிருந்து மிக நல்ல சம்பாவுக்கு மாறும்போது தெரிவதில்லை. உணவகத் தொழில் இந்த விதியை அறிந்தே இருக்கிறது. அதனால்தான் குறிப்பிட்ட விலைக்கு மேல் அது அரிசியையும் கறியையும் விற்பதை நிறுத்திவிட்டு வேறொன்றை விற்கத் தொடங்குகிறது.

அந்த வேறொன்றைப் பார்க்குமுன், பணம் எங்கே போகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் வரி: நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை பெறும் விடுதிகளுக்குள் இயங்கும் உணவகங்களின் பில்லில் 18 விழுக்காடு சரக்கு-சேவை வரி சேர்கிறது, பிற உணவகங்களில் பொதுவாக 5 விழுக்காடுதான். அதற்குமேல் இடத்தின் வாடகை, குளிரூட்டல், ஒரு விருந்தினருக்காக உழைக்கும் ஆள்களின் எண்ணிக்கை, அழகுக்காக வெட்டி ஒதுக்கப்படும் காய்கறி ஆகியவை சேர்கின்றன. இவ்வளவு வாங்கியும் உச்சியிலுள்ள உணவகங்கள் பணம் குவிப்பதாகவும் சொல்ல முடியாது. உலகின் சிறந்த உணவகம் என ஐந்து முறை தேர்வான ஸ்பெயினின் ‘எல் புயி’ 2011 ஜூலையில் மூடப்பட்டது; அதை நடத்திய ஃபெரான் அட்ரியாவுக்கு வருமானம் தந்தவை பெரும்பாலும் நூல்களும் உரைகளும் ஆலோசனைப் பணிகளுமே. கோபன்ஹேகனின் ‘நோமா’வும் ஐந்து முறை அதே பட்டம் பெற்றது, ஊதியமில்லாப் பயிற்சியாளர்களின் உழைப்பில் நெடுங்காலம் இயங்கிய அந்த உணவகம், அவர்களுக்கு 2022-இல் ஊதியம் கொடுக்கத் தொடங்கியது. சில மாதங்கள் கழித்து, 2023 ஜனவரியில், இந்த முறையைத் தொடர்ந்து நடத்த முடியாது என்று அதன் தலைமைச் சமையல் வல்லுநர் ரெனே ரெட்செபி அறிவித்தார். தட்டின் விலையில் காணாமல்போன ஒரு பகுதியை யாரோ ஓர் இளைஞர், பூவிதழ்களை இடுக்கியால் அடுக்கியபடி, தம் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார் என்பதே அதன் பொருள்.

இனி மனத்தின் கணக்கு. கலிஃபோர்னியாவில் 2008-இல் வெளியான ஓர் ஆய்வில் ஹில்கே பிளாஸ்மனும் உடனாய்வாளர்களும் 20 பேரை மூளைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, குழாய் வழியாகத் திராட்சை மதுவைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தனர். 5 டாலர் மதுவை ஒருமுறை 5 டாலர் என்றும் இன்னொரு முறை 45 டாலர் என்றும், 90 டாலர் மதுவை ஒருமுறை 90 டாலர் என்றும் இன்னொரு முறை 10 டாலர் என்றும் சொன்னார்கள். விலை உயர்வாகச் சொல்லப்பட்டபோது மது நன்றாக இருந்ததாக அவர்கள் கூறினார்கள். அது வெறும் பேச்சன்று, இன்பத்தை மதிப்பிடுவதில் பங்குகொள்ளும் மூளைப் பகுதியொன்று, கண்குழிகளுக்குச் சற்று மேலே அமைந்த முன்மூளைப் புறணியின் உட்பகுதி, உண்மையிலேயே கூடுதலாக இயங்கியது. ஆனால் சுவையின் அடிப்படைக் குறிகள் வந்துசேரும் பகுதிகளில் மாற்றமில்லை. பின்னர் விலையைச் சொல்லாமல் கொடுத்தபோது வேறுபாடு மறைந்தது. அதே ஆண்டில் ராபின் கோல்ட்ஸ்டீன் முதலானோர், பெயரும் விலையும் மறைத்த 6,000-க்கு மேற்பட்ட மதுச் சுவைப்புகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பயிற்சியில்லாதவர்கள் விலை உயர்ந்த மதுவுக்குச் சற்றுக் குறைந்த மதிப்பெண்ணே கொடுத்திருந்தனர். விலை என்பது பில்லில் மட்டும் எழுதப்படும் எண் அன்று, தட்டில் தூவப்படும் ஒரு மசாலாவும்தான் என்று இதிலிருந்து கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. உணவு உளவியல் என்னும் துறை, கேட்பதற்குச் சுவையான முடிவுகளை அவசரமாக வெளியிட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட துறை. பீட்சா விருந்தின் விலையைக் குறைத்தால் உண்பவர்களின் திருப்தியும் குறைகிறது என்று சொன்ன கட்டுரை, நம் கேள்விக்கு அளவெடுத்துத் தைத்தது போன்றது. ஆனால் அதை எழுதியோருள் ஒருவரான கார்னெல் பல்கலைக்கழகத்து பிரையன் வான்சிங்கின் பீட்சா கட்டுரைகள் நான்கிலும் எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது 2017-இல் அம்பலமானது. அவருடைய பிற கட்டுரைகள் பல திரும்பப் பெறப்பட்டு, அவர் பதவி விலகும் நிலையும் வந்தது. எனவே அதை ஒதுக்கிவிடுவதே முறை.

ஆக்ஸ்ஃபோர்டில் சார்லஸ் ஸ்பென்ஸ் குழுவினர் செய்தவை இவற்றைவிட எளிமையானவை. உருளைக்கிழங்கு வறுவலைக் கடிக்கும் ஓசையை ஒலிவாங்கியால் பிடித்து, அதன் உயர்சுருதியைக் கூட்டிக் கடிப்பவரின் காதிலேயே கேட்கச் செய்தபோது, அதே வறுவல் மொறுமொறுப்பு மிகுந்ததாகத் தோன்றியது. 2014-இல், ஒரே பொருள்களைக் கொண்ட காய்கறிக் கலவையை ஒரு தட்டில் அப்படியே கலந்தும், ஒரு தட்டில் வரிசையாகவும், ஒரு தட்டில் காந்தின்ஸ்கியின் ஓவியம்போல் அடுக்கியும் வைத்தனர். ஓவியத் தட்டுக்கு உண்டவர்கள் கூடுதல் விலை தர ஒப்பினர். கண்ணும் காதும் ருசியில் பங்கு கேட்கின்றன என்றால் அவற்றுக்கும் கூலி கொடுப்பதை ஏமாற்று என்று சொல்ல முடியாது. கல்யாணப் பந்தியில் இலையின் எந்த மூலையில் எது விழவேண்டும் என்று சண்டை போடும் சமூகம் இதைக் கேட்டு வியப்படையவும் வேண்டியதில்லை.

பந்தி இலைக்கும் பல தட்டு விருந்துக்கும் இன்னோர் உறவும் உண்டு. ஒரே உணவைத் தொடர்ந்து உண்ணும்போது அந்த உணவின் மீதான விருப்பம் மட்டும் குறைந்து, உண்ணாத உணவின் மீதான விருப்பம் அப்படியே நிற்கிறது என்பதை பார்பரா ரோல்ஸ் முதலியோர் 1981-இல் காட்டினர்; ‘இனி ஒரு பிடி சோறும் இறங்காது’ என்றவர் பாயசம் வந்ததும் இலையைச் சரிசெய்து உட்காருவதே இதற்குச் சான்று. எந்த உணவிலும் முதல் சில கவளங்களில்தான் இன்பம் உச்சத்தில் இருக்கிறது. ஏழு, ஒன்பது, பதினொன்று என்று சிறு தட்டுகளை வரிசையாக வைக்கும் உணவகம், முதல் கவளங்களை மட்டுமே தொகுத்து விற்கிறது. சலிப்பு வருமுன் தட்டு மாறிவிடுகிறது. ‘இவ்வளவு காசுக்கு இத்துனூண்டா?’ என்று சலித்துக்கொள்பவர், அளவைப் பார்த்து நியாயமாகவே கேட்கிறார். ஆனால் அளவு குறைந்திருப்பது கஞ்சத்தனத்தால் மட்டுமன்று.

ஆயினும் இந்த விருந்துகள் விற்கும் முதன்மைப் பண்டம் வியப்பே. வோல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துச் செய்த ஆய்வுகள் இதற்கு வெளிச்சம் தருகின்றன. எதிர்பாராமல் சாறு கிடைத்தபோது டோபமைன் நரம்பணுக்கள் வேகமாக இயங்கின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், சாறு வரும் கணத்தில் அவை சலனமின்றி இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது அவற்றின் இயக்கம் வழக்கத்துக்கும் கீழே சரிந்தது. கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள இடைவெளியையே அந்த அணுக்கள் அளக்கின்றன. இதை முழு இன்பத்துக்கும் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது, ஏனெனில் விரும்பித் தேடுவதும் துய்த்து மகிழ்வதும் மூளையில் வெவ்வேறு அமைப்புகளைச் சார்ந்தவை. ஆனால் விலையுயர்ந்த உணவகத்தின் வேலைமுறையை விளக்க இது போதும். ஆவர்த்தனாவில், காப்பித் தூளை ஊறவைத்து அழுத்தி வடிக்கப் பயன்படும் கண்ணாடிக் குடுவையில் கொத்தமல்லித் தழையை இட்டு, தெளிந்த தக்காளி ரசத்தை அதில் ஊற்றி, மதுக் கிண்ணத்தில் வடித்துத் தருகிறார்கள். கண்ணுக்கு அது ரசமாகத் தெரிவதில்லை. வாயில் பட்டதும் ரசமாகிவிடுகிறது. அந்த இடைவெளிதான் விற்கப்படும் சரக்கு. ரசத்தை அறியாத வெளிநாட்டவருக்கு அது நல்லதொரு தக்காளிச் சாறு. நாற்பது ஆண்டுகள் வீட்டில் ரசம் குடித்தவருக்கே அது வியப்பு. அந்த வியப்புக்கான முதலீட்டில் பெரும்பங்கைப் போட்டவர் உண்பவரின் தாயாரேயன்றி உணவகம் அன்று.

நியூயார்க்கில் 2021-இல் திறக்கப்பட்ட ‘செம்மா’வில் இந்த இடைவெளி வேறு திசையில் வேலை செய்கிறது. திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தைச் சேர்ந்த சமையல் கலைஞர் விஜய் குமார் அங்கே பரிமாறும் நத்தைப் பிரட்டல், அவர் சிறுவயதில் குடும்பத்தோடு வயலில் பொறுக்கி வந்த நத்தையின் நினைவிலிருந்து எழுந்தது. வறுமையின் உணவென்று அன்று மறைத்துச் சாப்பிட்டது. அந்த உணவகம் 2022-இல் மிஷலின் விண்மீன் பெற்றது. அவர் 2025-இல் ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிச் சென்று வாங்கினார். நத்தையின் புரதம் மாறவில்லை. நியூயார்க் வாசிக்கு எதிர்பாராதது என்பதால் அங்கே அதற்கு விலை இருக்கிறது. நத்தத்துக்காரர் ஒருவர் அங்கே போய் உண்டால் அவருக்குக் கிடைப்பது வியப்பன்று, வேறேதோ ஒன்று, ஒருவேளை தன் பழைய வெட்கத்துக்கான நட்டஈடு.

மிஷலின் என்பது கார் டயர் விற்கும் பிரெஞ்சு நிறுவனம். வண்டியோட்டிகள் ஊர்சுற்றி டயரைத் தேய்க்க வேண்டும் என்ற வணிக நோக்கோடு 1900-இல் தொடங்கிய அதன் வழிகாட்டி, 1926 முதல் உணவகங்களுக்கு விண்மீன் கொடுத்துவருகிறது. இந்தியாவுக்கு அந்த வழிகாட்டி வந்ததில்லை. சிங்கப்பூரிலோ 2016-இல், இரண்டு சிங்கப்பூர் டாலர் அளவில் கோழிச்சோறு விற்ற ‘லியாவ் ஃபான்’ என்னும் அங்காடிக் கடைக்கே ஒரு விண்மீன் கிடைத்தது. விண்மீனும் விலையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் அதன்பின் அக்கடையின் முன் நின்ற வரிசை எவ்வளவு நீண்டது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். காசாகக் கொடுக்காத விலையை மக்கள் காலால் நின்று கொடுத்தார்கள். 2021-இல் அந்த விண்மீன் போய்விட்டது.

வியப்புக்கு ஒரு குறை உண்டு: அதை ஒருமுறைதான் விற்க முடியும். மதுக் கிண்ணத்து ரசத்தை இரண்டாம் முறை குடிப்பவர் அது ரசம் என்பதை முன்பே அறிவார். எனவே உணவகம் ஆண்டுதோறும் தட்டுகளை மாற்றியாக வேண்டும், மாற்றுவதற்குச் சோதனைச் சமையலறை வேண்டும், அதற்கு ஆள் வேண்டும், அதுவும் விலையில் ஏறும். ஆகவே ‘கொடுத்த காசுக்குத் தகுமா’ என்ற கேள்விக்கு ஒரே விடை இருக்க முடியாது. முதல்முறை செல்பவருக்கு, உடன் செல்பவரோடு அதைப் பின்னாளில் பேசி மகிழ வாய்ப்புள்ளவருக்கு, அந்தப் பல ஆயிரம் வீண்போகாது. மாதந்தோறும் செல்பவர் கொடுப்பது பெரும்பாலும் நாற்காலிக்கான வாடகை. கடன் அட்டையில் தவணை போட்டுச் செல்பவரின் நிலை இன்னும் மோசம், ஏனெனில் பணம் கொடுக்கும் நோவு உண்ட இன்பத்தைத் தாண்டி நீடிக்கும்.

சங்கரன்கோவில் பிரியாணியின் பொருளாதாரம் இதற்கு நேர்மாறானது. அங்கே வருபவர் வியப்பை எதிர்பார்ப்பதில்லை. பத்து ஆண்டுகளுக்குமுன் சாரல் பார்க்கப் போகும் வழியில் சாப்பிட்ட அதே பிரியாணியை எதிர்பார்க்கிறார். சின்ன இலை, தயிர் வெங்காயம், எலும்போடு கூடிய துண்டு, பக்கத்து நாற்காலியில் முன்பின் தெரியாதவரின் முழங்கை. ஒரே வேளையில் இருவர் ஒரே சாக்லேட்டைச் சுவைத்தால், பேசிக்கொள்ளாவிட்டாலும், இருவருக்கும் அது கூடுதலாக இனிக்கிறது என்று 2014-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று கூறியது. நெரிசலான கடையின் ருசியில் அந்த முழங்கைக்கும் பங்கிருக்கலாம். ஷூல்ட்ஸின் குரங்குகளில் கண்டபடி, எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே வரும்போது டோபமைன் அணுக்கள் சும்மா இருக்கின்றன. சாப்பிடுபவரும் ஒன்றும் சொல்லாமல் கை கழுவிவிட்டுப் போகிறார். அந்த மௌனத்தைப் பெற பிரியாணி மாஸ்டர் ஒவ்வொரு நாளும் அரிசியின் பழமையையும் கறியின் முற்றலையும் விறகின் ஈரத்தையும் பார்த்துத் தண்ணீரின் அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தவறினால் மட்டுமே குரல் எழும்: இரண்டாம் கவளத்தில் கையை நிறுத்தி, கல்லாப் பக்கம் திரும்பி, ‘என்ன அண்ணாச்சி, மாஸ்டர் மாறிட்டாரா?’ என்று கேட்பார்.